ரத்தத்தில் ஹாட்டேர் பார்க்கலாமா?

வணக்கம்,

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். கோவையில் அறுவை முடிந்து, கீமோ தொடங்கப் போகிறார்கள். ஹாட்டேர், மாலாட்-1 என்ற இரண்டு நீள் ஆர்.என்.ஏ.க்களை ரத்தத்தில் அளந்தால் நோய் பரவுமா என்று தெரிந்துவிடும் என்கிறார் ஓர் ஆய்வக முகவர். கோத்தகிரியிலேயே ரத்தம் எடுத்துக் கீழே அனுப்புவார்களாம். நான் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிப்பதால் வீட்டில் என்னைக் கேட்கிறார்கள். இந்த ஆர்.என்.ஏ. உண்மையிலேயே புற்றை வளர்க்கிறதா? பணம் கட்டலாமா?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

கட்ட வேண்டாம். சித்தியின் சிகிச்சையை முடிவு செய்பவை ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்), கட்டியின் அளவு, கிரேடு (செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பது), அக்குளில் எத்தனை நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறது என்பவை. ஹெர்-2 முடிவு தெளிவில்லாமல் ‘2+’ என்றிருந்தால், அதன் மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு, ஆம், வளர்க்க முடியும். 200 எழுத்துகளுக்கு (நியூக்ளியோடைடுகளுக்கு) மேல் நீண்டு, புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.க்களையே நீள் ஆர்.என்.ஏ. என்கிறோம். 2007-இல் விவரிக்கப்பட்ட ஹாட்டேர் 12-ஆம் குரோமோசோமில் உருவாகிறது. சுமார் 2,200 எழுத்து நீளம். பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டை மரபணுக்களிடம் கொண்டுசேர்த்து, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் குறி வைத்து அவற்றை அடக்குகிறது என்பது முதல் விளக்கம். 2010-இல், மார்பகக் கட்டியில் ஹாட்டேர் மிகுந்தவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டார்கள். ஆனால் அங்கே அளந்தது கட்டித் திசுவில், ரத்தத்தில் அல்ல. பி.ஆர்.சி.2 இல்லாமலும் ஹாட்டேர் மரபணுவை அடக்குகிறது என்று 2017-இல் தெரிந்தபின் அந்த முதல் விளக்கமே ஆட்டம் கண்டது.

மாலாட்-1 இன்னும் சிக்கல். 2003-இல் நுரையீரல் புற்றில், பரவலை முன்கூட்டிக் காட்டும் அடையாளமாக அறிமுகமானது. 2016-இல் எலிகளின் மார்பகப் புற்றில் அதைக் குறைத்தபோது பரவல் குறைந்தது. 2018-இல் வேறொரு முறையில் அதை முடக்கியபோது பரவல் கூடியது. எண் ஏறினால் நல்லதா கெட்டதா என்றே தீராத ஒன்றை வைத்துச் சித்திக்கு என்ன சொல்ல முடியும்?

நீள் ஆர்.என்.ஏ. வகையில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது பி.சி.ஏ.3. புராஸ்டேட் புற்றுக்கான சிறுநீர்ப் பரிசோதனையாக 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது புராஸ்டேட்டுக்கே உரியது, புராஸ்டேட் செல்கள் உருவாக்கும் பி.எஸ்.ஏ. ஆர்.என்.ஏ.வோடு விகிதமாகவும் கணக்கிடுகிறார்கள். அதனால் மாதிரியில் எத்தனை புராஸ்டேட் செல்கள் வந்தன என்ற வேறுபாடு சரியாகிவிடுகிறது. மாலாட்-1 அப்படியல்ல, வெள்ளணுக்களிலும் ஏராளம். குழாய் மலைப்பாதையில் குலுங்கி, மேட்டுப்பாளையத்து வெயிலில் சூடாகி, மணிக்கணக்கில் கிடந்தால் அணுக்கள் உடைந்து அவற்றின் ஆர்.என்.ஏ. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கலக்கும். எண் ஏறும். அந்த ஏற்றத்துக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இருக்காது.

படிப்புக்காகவும் இதைக் கவனியுங்கள். ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய்தான் வேண்டும், பச்சை மூடியில் உள்ள ஹெப்பாரின், ஆர்.என்.ஏ.வை அளக்கப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைத் தடுக்கும். எடுத்த ஓரிரு மணிக்குள் மையவிலக்கியில் இரண்டு முறை சுழற்ற வேண்டும்: முதலில் மெதுவாகச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்து, பிறகு வேகமாகச் சுழற்றி மிச்ச அணுக்களை இறக்கி, மேலே நிற்பதை மட்டும் −80 டிகிரியில் வைக்க வேண்டும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது, அந்த மாதிரியை ஒதுக்குங்கள். மாலாட்-1 இன்ட்ரான் (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதி) இல்லாத மரபணு. இன்ட்ரானைத் தாண்டிப் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வைக்க வழியில்லாததால், கலந்திருக்கும் டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ. போலவே பெருகிக் கணக்கைக் கெடுக்கும். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி போட்டே ஆக வேண்டும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி சேர்க்காத ஒரு குழாயும் கூடவே ஓட வேண்டும். முகவரிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

அறுவையில் எடுத்த திசுவின் பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசு) எங்கே, எவ்வளவு காலம் பாதுகாக்கப்படும் என்று மருத்துவமனையில் விசாரித்து, பிளாக் எண்ணைச் சித்தியின் ஃபைலில் எழுதி வையுங்கள். பின்னால் மருத்துவர் வேறு சோதனை கேட்டால் அதிலிருந்தே செய்யலாம்.