டிராக்டருக்குக் கம்பெனி பாகம்தான் போட வேண்டுமா, வேறு பாகம் பொருத்திச் செலவைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், இடம் பார்த்துச் செய்தால்.

எங்களுக்குப் பாகூர் பக்கம் நெல் வயல். சேற்று உழவு முடிந்ததும் முன்சக்கர ஹப்பை (சக்கரத்தின் நடுக்கூடு) திறந்து பார்த்துவிடுவேன். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. சீல் (தண்ணீரும் மண்ணும் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கும், அடுத்தது கெடுவது பேரிங்தான் (சக்கரம் லேசாகச் சுழல வைக்கும் வளையம்).

முதல் தடவை கம்பெனி பாகமாகவே முழு செட்டாக வாங்கினேன். அடுத்த தடவை மெக்கானிக் அண்ணன் பழைய பேரிங்கை டீசலில் கழுவி, ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்தார். எண் பளிச்சென்று தெரிந்தது. "கடலூர்ல பேரிங் கடையில இந்த நம்பரைச் சொல்லு தம்பி, டிராக்டர்னு சொல்லாத" என்றார். பாதி விலைக்குக் கிடைத்தது.

பால் பேரிங்கில் (உள்ளே குண்டுகள் உள்ளது) பொதுவாகக் கடைசி இரண்டு இலக்கத்தை (04 முதல்) 5ஆல் பெருக்கினால் உள்துளை அளவு வரும். 6205 என்றால் 25 மி.மீ. 6305க்கும் அதே 25தான், ஆனால் வெளிவிட்டம் 52 இல்லை, 62. அதனால் எண்ணை முழுசாக எழுதிக்கொண்டு போங்கள். ஆயில் சீலில் 35-52-7 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். சீலில் தண்டைத் தொட்டு நிற்கும் விளிம்புதான் உதடு. சேற்று வண்டிக்கு இரட்டை உதடு சீலே கேளுங்கள், வெளி உதடு மண்ணைத் தடுக்கும்.

புது சீல் போட்டும் ஒழுகினால் ஸ்பிண்டிலில் (சக்கரம் சுழலும் தண்டு) நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய உதடு தேய்த்த பள்ளத்தில் நகம் மாட்டும். ஸ்பிண்டிலையே மாற்றச் சொல்வார்கள். நாங்கள் 10 மி.மீ. தடிமன் சீல் இருந்த இடத்தில் அதே விட்டத்தில் 7 மி.மீ. சீலை வாங்கி, கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தோம். உதடு தேயாத இடத்தில் உட்கார்ந்தது, ஒழுகல் நின்றது. முன் ஆக்சிலைத் தாங்கும் சென்டர் பின் ஆடினால் லேத் பட்டறையில் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ், அதாவது பின்னைச் சுற்றி நிற்கும் குழாய் வளையம், கடைந்து போடலாம்.

பிரேக், ஸ்டியரிங், ஹைட்ராலிக் ஓஸ் (எண்ணெய் அழுத்தக் குழாய்) மூன்றிலும் இப்படி மாற்றுப் பாகம் போடும் வேலை வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங் பால் ஜாயின்டை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேறு போகிறார்கள். வீல் போல்ட்டும் அப்படித்தான். தலையில் 10.9 என்று (போல்ட்டின் வலிமைக் குறி) இருந்தால் அதே 10.9 வாங்குங்கள், சாதா போல்ட் இழுபட்டு நீண்டுவிடும்.