திரைவாசிப்பானுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரான என் தந்தைக்குக் கண்நீர் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. அவருக்கு மடிக்கணினி வாங்கச் சென்றபோது, திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்குத் தனியாகப் பெருந்தொகை ஆகும் என்று கடைக்காரர் சொன்னார். நண்பர் ஒருவரின் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை இயக்கிப் பார்த்தோம். ஆங்கிலக் குரல் படபடவென்று ஓடியது. தமிழ்ச் செய்திகளையும் அது சரியாகப் படிக்கவில்லை. அப்பா முன்பு தட்டச்சு செய்து வைத்த பாடக் குறிப்புகளோ வெறும் ஆங்கில எழுத்துகளாகக் கேட்டன. பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய என்விடிஏ, இன்றும் முற்றிலும் இலவசமாகவே கிடைக்கிறது. செய்தி வாசிப்பது, கடிதம் எழுதுவது போன்ற வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். விலை கொடுத்து வாங்கும் ஜாஸ் என்ற திரைவாசிப்பானைக்கூட, ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் 40 நிமிடம் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பதால், வாங்கிவிட்டு வருந்த வேண்டிய நிலையே இல்லை.

உங்களைத் தடுமாற வைத்தது மென்பொருளின் குறையன்று, அமைப்புகள்தாம். விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பிரிவுக்குள் இருக்கும் பேச்சுப் பகுதியில் தமிழ்க் குரலைச் சேர்த்துவிட்டு, என்விடிஏவில் இன்செர்ட், கண்ட்ரோல், எஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து இன்செர்ட், கண்ட்ரோல், வி அழுத்தினால் வரும் பேச்சு அமைப்பில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலை வைத்து, வேகத்தை அப்பா ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள். பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தைப் புதியவர் காதில் திணிப்பதுதான் பலரை முதல் நாளிலேயே கணினியைவிட்டு ஓட வைக்கிறது. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். மாற்றங்களை இன்செர்ட், கண்ட்ரோல், சி அழுத்திச் சேமித்துவிடுங்கள்.

அவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது, பேச்சை நிறுத்தும் கண்ட்ரோல் விசை. அடுத்தது இன்செர்ட்டுடன் எண் 1. அதை அழுத்திய பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரை மட்டும் சொல்லுமே தவிர, வேறெதுவும் நடக்காது. தவறாக எதையாவது அழுத்திவிடுவோமோ என்ற அச்சமின்றி அவர் விசைப்பலகை முழுவதையும் விரலால் தடவிப் பழகலாம். வெளியேற மீண்டும் அதையே அழுத்த வேண்டும்.

பணத்தை மடிக்கணினியின் விசைப்பலகையைப் பார்த்துச் செலவிடுங்கள். சில மாடல்களில் இன்செர்ட் விசையை எஃப்என் விசையோடு சேர்த்துத்தான் அழுத்த முடியும். எண் பலகையும் இருக்காது. அப்படிப்பட்டதை வாங்க நேர்ந்தால், என்விடிஏவின் விசைப்பலகை அமைப்பில் மடிக்கணினித் தளவமைப்பைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட்டுக்குப் பதிலாக கேப்ஸ்லாக்கை வைத்துக்கொள்ளலாம். என்விடிஏவைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் விசைகளின் இடைவெளி கைக்கு ஒத்துவருகிறதா என்பதை அவர் விரல்கள்தாம் சொல்ல வேண்டும்.

பாடக் குறிப்புகளின் சிக்கல் வேறு. அவை அநேகமாகப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே. திரைவாசிப்பான் அவற்றைத்தான் படிக்கிறது. ஜாஸ் வாங்கினாலும் இப்படித்தான் படிக்கும். எழுத்துரு மாற்றியில் இட்டு, தமிழ் எழுத்துகளைக் கணினி தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்றுவதே வழி. மாற்றும்போது சில எழுத்துகள் பிசகுவதுண்டு. எனவே கோப்பைச் சேமிக்கும் முன் நீங்கள் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.