தோற்ற அணி மறுநாள் ஆடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான சாப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, மட்டையால் பந்தை அடிக்கும் விளையாட்டு) சாம்பியன்ஷிப்பின் இறுதிக்கட்ட ஆட்டங்களைப் பார்த்தேன். முதல் நாள் தோற்ற அணி, அடுத்த ஆட்டத்திற்கும் களமிறங்கியது. இது என்ன முறை?

பதில்: இந்தப் போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தோல்வி மன்னிக்கப்படும், இரண்டாவது தோல்விதான் அணியை ஊருக்கு அனுப்பும். நாடெங்கும் தேர்வாகும் 64 அணிகள் முதலில் நான்கு நான்காகப் பிரிந்து 16 இடங்களில் மோதுகின்றன. அங்கு வென்ற 16 அணிகள் இருவர் இருவராக மூன்று ஆட்டத் தொடரில் மோத, எஞ்சும் எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டிக்கு வருகின்றன. நீங்கள் பார்த்தது இந்த எட்டு அணிகளின் சுற்று. இரண்டு பிரிவுகளாக ஆடும் இவற்றில், பிரிவுக்கு ஒன்றாக மிஞ்சும் இரண்டு அணிகள் கோப்பைக்காக மோதும்போது, மூன்று ஆட்டங்களில் இரண்டை முதலில் வெல்பவருக்கே பட்டம். ஒரு நாள் சறுக்கியதற்காக ஓராண்டு உழைப்பு வீணாகிவிடாத இந்த முறை எனக்கு மிகவும் நியாயமாகப்படுகிறது. ஆனால் தோற்றவர் மீண்டு வர அதிக ஆட்டங்கள் ஆடியாக வேண்டும். அந்தச் சுமை பெரும்பாலும் பந்தெறியும் பெண்ணின் தோளில்தான் விழுகிறது.

கேள்வி: இடுப்புக்குக் கீழிருந்து எறியப்படும் பந்தை அடிப்பது அவ்வளவு கடினமா? பேஸ்பாலைவிட எளிது என்று என் தம்பி வாதிடுகிறான்.

பதில்: தம்பியிடம் தூரத்தைக் கேளுங்கள். பேஸ்பாலில் பந்தெறிபவர் நிற்கும் தூரம் 60 அடி 6 அங்குலம். கல்லூரி சாப்ட்பாலில் 43 அடி மட்டுமே. காற்றாலையின் இறக்கையைப்போல் கையை முழு வட்டமாகச் சுழற்றி, பந்தெறியும் பெண் மணிக்கு 70 மைல் வேகத்தில் எறியும் பந்து, ஒரு விநாடியில் பாதி நேரம்கூட ஆவதற்குள் மட்டையருகே வந்துவிடும். அதற்குள் அது மேலெழுவதுபோல் வருகிறதா, கீழே சரிகிறதா என்று கணித்து, அடிப்பதா விடுவதா என முடிவும் எடுத்தாக வேண்டும். பெயரில்தான் 'சாப்ட்' இருக்கிறது. 12 அங்குலச் சுற்றளவுள்ள அந்த மஞ்சள் பந்து நன்றாகவே கெட்டியானது.

கேள்வி: 2025 இறுதிப் போட்டியில், வேண்டுமென்றே விலக்கி எறிந்த பந்தை அடித்து ரன் எடுத்தார்களாமே? விதி அதை அனுமதிக்கிறதா?

பதில்: தாராளமாக. சிறந்த மட்டையாளர் ஆட வரும்போது, அடிக்க எட்டாதபடி நான்கு பந்துகளை வெளியே எறிந்து, அவரை முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய நான்கு நிலைகளில் முதலாவது) இலவசமாக அனுப்பிவிடுவது பழைய உத்தி. ஆனால் அந்தப் பந்தும் ஆட்டத்தில் உள்ள பந்துதான்; மட்டைக்கு எட்டினால் அடிக்கலாம். டெக்சாஸ், டெக்சாஸ் டெக் அணிகளுக்கிடையிலான முதல் ஆட்டத்தில் டெக் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் டெக்சாஸின் ரீஸ் அட்வுட்டை அப்படி அனுப்பிவிட டெக்கின் பந்தெறிபவர் நைஜாரி கனடி முயன்றார். மூன்று பந்துகள் விலகிப் போயின. நான்காவது பந்து போதிய அளவு விலகவில்லை. அட்வுட் மட்டையை நீட்டி அதை இடப்புறம் தள்ளிவிட, ஏற்கெனவே பேஸ்களில் நின்றிருந்த இரண்டு பேர் ஓடி வந்து ரன் சேர்த்தனர். டெக்சாஸ் 2-1 என வென்றது. மறுநாள் டெக் 4-3 என்று பதிலடி கொடுத்தாலும், மூன்றாம் ஆட்டத்தை 10-4 என வென்று டெக்சாஸ் தன் முதல் பட்டத்தைப் பெற்றது. அந்தக் கடைசி நாளில் கனடி முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து ரன் கொடுத்து வெளியேறினார். அதைக் கொண்டு அவரை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது; அதுவரை அந்த அணியின் பந்துவீச்சைத் தூக்கிச் சுமந்தவர் அவர்தான்.

கேள்வி: அதிகப் பட்டங்கள் யாருக்கு?

பதில்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1982இல் நடத்திய முதல் போட்டியை வென்ற யு.சி.எல்.ஏ.வுக்குத்தான் (லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்). ஆனால் 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வென்ற ஒரே கல்லூரி ஓக்லஹோமா.

கேள்வி: ஆண்களின் பேஸ்பாலுக்கு இணையான மதிப்பு இதற்குக் கிடைக்கிறதா?

பதில்: நெடுங்காலம் கிடைக்கவில்லை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியும், 2021இல் பெண்களின் அட்டவணை நெருக்கியடித்தே இருந்தது. மழையால் தாமதமான ஓர் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. அவ்வாண்டு எழுந்த கண்டனங்களுக்கும் ஆய்வுக்கும் பிறகே, 2022 முதல் ஓய்வு கிடைக்கும்படி அட்டவணை நீட்டிக்கப்பட்டது. ஓய்வு நாள் ஒரு சலுகை அன்று. அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான முறை கையைச் சுழற்றும் ஒரு மாணவிக்கு அது அடிப்படைத் தேவை. இதே ஓக்லஹோமா சிட்டி அரங்கில்தான் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் சாப்ட்பால் ஆட்டங்களும் நடக்கவிருக்கின்றன. உங்கள் தம்பிமார்களையும் உட்காரவைத்துப் பாருங்கள்.