வாசகர் கேள்வி – பதில்: பழைய படகைப் பார்க்க வரும் சர்வேயர்

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து காசிமேட்டில் பழைய ஃபைபர் விசைப்படகு ஒன்றுக்கு விலை பேசி வைத்திருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையேறி, புது பெயிண்ட் அடித்து நிற்கிறது. "படகின் நிலையைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் சர்வேயர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்தால் இன்சூரன்சுக்கும் அதுவே போதும், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று விற்பவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? நல்ல சர்வேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தச் சர்வேயர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவரை அழைத்தவரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும் விற்பவர் என்னும்போது, படகில் ஒரு குறை தென்பட்டால் அதை உங்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு இல்லை. வாங்குபவருக்காகப் படகைப் பார்க்கும் சர்வேயரை வாங்குபவரே தேட வேண்டும், அவரே கூலி கொடுக்க வேண்டும், அறிக்கையும் அவர் பெயருக்கே எழுதப்பட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஒரு மரப்படகு வாங்கியபோது, விற்றவர் அழைத்து வந்த ஒருவர் அரை மணி நேரம் மேல்தளத்தில் நடந்து பார்த்துவிட்டு, இரண்டு பக்கத் தாளில் "நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்திட்டுச் சென்றார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஏராக்கட்டையை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையை) ஒட்டிய பலகையைக் கப்பல்புழு உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது தெரிய வந்தது. அந்தத் தாளைத் தேடி எடுத்து மறுபடி படித்த பிறகுதான், நீர்மட்டத்துக்குக் கீழே பார்த்ததாக அதில் ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்தோம். அவர் பொய் எழுதவில்லை. எங்களுக்காகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது உரிமம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சர்வேயர்களுக்கு உரிமம் வழங்குகிறது. ஆனால் தீ, மோட்டார், பொறியியல், கப்பல் சரக்கு, கப்பல் உடல் என்று அதில் பிரிவுகள் உண்டு. துறைமுகப் பக்கம் நீங்கள் சந்திக்கும் "மரைன் சர்வேயர்" பலரும் கன்டெய்னரில் நனைந்த சரக்கை மதிப்பிடுபவராக இருக்கக்கூடும். படகின் அடிப்பாகம் அவருக்குப் பழக்கமான இடம் அல்ல. ஆகவே உரிமத்தைக் கேட்டு வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். கப்பல் உடல் பிரிவாகவே இருந்தாலும், அந்த உரிமம் நட்டத்தை மதிப்பிடுவதற்கானது. வாங்கும் முன் குறை கண்டுபிடிப்பதில் தேர்ந்தவர் என்பதற்கு அதுவே சான்று ஆகாது. கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், ராயபுரத்தில் உள்ள மத்திய மீன்வளக் கடல்சார் பயிற்சி நிலையத்தில் படித்துக் கடலுக்குப் போய் வந்தவர்கள், படகு கட்டும் தளத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் ஆகியோரிடையே விசாரித்தால் ஆள் கிடைப்பார்.

கிடைத்தவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஃபைபர் விசைப்படகுகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறாரா? எதையெல்லாம் பார்க்க மாட்டார்? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல், "எஞ்சினைப் பிரிக்க மாட்டேன், டேங்கின் உட்புறத்தைப் பார்க்க முடியாது" என்று வரிசையாகச் சொல்பவரை நம்பலாம். எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன் என்பவரிடம்தான் எனக்கு அச்சம். பிறகு, அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, உரிமையாளர் பெயரை மறைத்துத் தரச் சொல்லுங்கள். எந்த இடம், என்ன குறை, எவ்வளவு அவசரம் என்று படத்துடன் எழுதியிருந்தால் அது அறிக்கை. "பொதுவாகத் திருப்திகரம்" என்று பக்கம் நிரப்பியிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கூலியைப் படகின் நீளத்துக்கு ஏற்ப முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். விற்பனை விலையில் நூற்றுக்கு இவ்வளவு என்றோ, விற்பனை முடிந்தால்தான் கூலி என்றோ பேசுபவருக்கு, விற்பனை நின்றுபோகாமல் இருப்பதே ஆதாயமாகிவிடும்.

உங்கள் படகுக்கு அவர் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்று பார்த்தால் ஆளின் தரம் உங்களுக்கே புரிந்துவிடும். ஃபைபர் உடலைச் சிறு சுத்தியலால் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் "டக், டக்" என்று கணீரென ஒலி வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஈரச் சாக்கைத் தட்டியதுபோலத் "தொப்" என்று அமுங்கும். அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, ஒலி எங்கே மாறுகிறது என்று நான்கு பக்கமும் தேடுபவர் தொழில் தெரிந்தவர். அடிப்பாகத்தில் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார்ப்பார். உள்ளிருந்து வரும் நீரில் வினிகர் போன்ற புளித்த வாடை அடித்தால் கடல்நீர் ஃபைபரைப் பிணைக்கும் பிசினுக்குள் இறங்கி வேலை செய்கிறது என்று பொருள். ஈரமானி வைத்திருப்பார், ஆனால் கரையேறிய மறுநாளே அளந்தால் எல்லாப் படகும் ஈரமாகத்தான் காட்டும், செம்பு கலந்த அடிப்பூச்சின்மீது வைத்தாலும் அளவு தவறும். இதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பவர் கருவியை அறிந்தவர் அல்லர். புது பெயிண்ட் என்றீர்கள். கூடுதல் கவனம் அங்கேதான் தேவை. சில இடங்களில் சுரண்டிப் பார்க்க விற்பவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்.

சுக்கானை அசைத்துப் பார்ப்பதும், விசிறியைச் சுழற்றும் சாஃப்டை மேலும் கீழும் அழுத்தி ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும், விசிறியின் (புரொப்பெல்லரின்) உலோகம் இளஞ்சிவப்பாக மாறியிருக்கிறதா என்று கவனிப்பதும் அவர் வேலை. அப்படி நிறம் மாறியிருந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து போய்விட்டது, விசிறி வலுவிழந்துவிட்டது என்று பொருள். எஞ்சினுக்கு மட்டும் தனியாக ஒரு மெக்கானிக்கை வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை அவர் பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே யாராவது ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அன்று திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருப்பதால், உடலைக் கரையில் வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் இது உகந்ததல்ல. எனவே முன்பணத்தோடு நிறுத்திக்கொண்டு, படகு நீரில் இறங்கி, முழு வேகத்தில் ஓடி, எஞ்சின் சூடும் சுற்றும் சரியாக இருப்பதை உங்கள் ஆட்கள் பார்த்த பிறகே மீதித் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தடைக்காலத்திலேயே ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் படகில் பொருத்தியிருக்கும் எஞ்சினின் எண்ணும் ஒன்றுதானா என்பதையும், படகின் மீது வங்கிக் கடன் நிற்கிறதா என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, யாருடைய அறிக்கையை ஏற்பீர்கள் என்று நிறுவனத்திடமே நேரில் கேளுங்கள். விற்பவர் சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: எங்கள் இரும்புப் படகை விற்கிறோம். வாங்க வருபவர் தன் சர்வேயரை அழைத்து வருகிறார். நாங்களும் தனியாக ஒருவரை வைக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: விலை சொல்வதற்கு முன்பே வைத்திருந்தால் பயன் இருந்திருக்கும், தகடு தேய்ந்த இடத்தை நீங்களே சரிசெய்து, அதற்கேற்ப விலை வைத்திருக்கலாம். இப்போது அவர் ஆள் வரும் நாளில் பேச்சு கொடுக்காமல் விலகி நில்லுங்கள். தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கும்போது காசளவு பெயிண்டைச் சுரண்டுவார்; அதை மறுபடி பூசும் செலவு யாருடையது என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பழுது பார்த்த ரசீதுகளை எடுத்து வைத்து, வலையை இறக்கி, ஐஸ் அறையைக் கழுவி அடித்தளப் பலகையையும் திறந்து விடுங்கள். இரும்புப் படகு பெரும்பாலும் அரிக்கப்படுவது அந்தப் பலகைக்கு அடியில்தான். வாங்குபவருக்கு அது தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.