ரயில் பாரம்பரியத்தைக் காத்தவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

மைக் சேட்டோ. மைக்கேல் கிரஹாம் சேட்டோ என்பது முழுப் பெயர். 1993இல் காலமான ஆங்கிலேயர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் டெல்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடும்.

என் அப்பா ரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். தன் கைபட்ட நீராவி எஞ்சின்களை அறுத்து இரும்பு விலைக்குப் போட்டதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார். அதனால்தான் பழைய எஞ்சின்களைக் காப்பாற்ற சேட்டோ செய்த வேலை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

பஞ்சாபின் பட்டியாலா சமஸ்தானத்தில் 1907இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று ஓடத் தொடங்கியது. எடையில் பெரும்பகுதியை அந்த ஒரு தண்டவாளமே தாங்கும். சாய்ந்துவிடாமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் பெரிய சக்கரம்; அது சாலையில் உருண்டுகொண்டே வரும். முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன, அப்புறம் ஜெர்மனியிலிருந்து எஞ்சின்கள் வந்தன. 1927இல் எல்லாம் நின்றுபோனது. 1962இல், பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த அதன் எஞ்சின் சேட்டோவின் கண்ணில் பட்டது. வேறு யாராவது பார்த்திருந்தால் எத்தனை கிலோ தேறும் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

1970இல் சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து கடைசி பிராட்கேஜ் (அகலப் பாதை) நீராவி எஞ்சின் 'அந்திம் சிதாரா' வெளிவந்தது. அதே காலத்தில்தான் சேட்டோவின் வழிகாட்டுதலில் டெல்லி அருங்காட்சியக வேலை சூடுபிடித்தது. 1971இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் எத்தனை எஞ்சின்கள் உலைக்குப் போயிருக்குமோ!

பழையதைக் கண்ணாடிக்குள் வைத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை, எஞ்சின் என்றால் ஓட வேண்டும். இங்கிலாந்தில் 1825இல் ஓடிய 'லோகோமோஷன்' எஞ்சினை, அதன் 150ஆவது ஆண்டுக்காக அவர் முன்னின்று அப்படியே மறுபடி உருவாக்கினார். 1975இல் அங்கே ஷில்டன் என்ற ஊரில் நடந்த எஞ்சின் ஊர்வலத்தில் அதுதான் முன்னால் போனது. பட்டியாலா எஞ்சினையும் அமிர்தசரஸ் பணிமனையில் சீர்செய்து ஓட வைத்தார்கள்.

ஒருமுறை அப்பாவை டெல்லிக்கு அழைத்துப் போனேன். அருங்காட்சியகத்தில் இருக்கும் பட்டியாலா எஞ்சினின் அந்தப் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அப்புறம் குனிந்து, அச்சில் விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"கிரீஸ் புதுசுடா" என்றார்.