தீர்வு இருக்கிறதா என்று கேட்பது வீண் வேலையா?

கேள்வி: ரஷ்யக் கணிதவியலாளர் ஓல்கா லடிஷென்ஸ்கயா திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார் என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். 'தீர்வு இருக்கிறது, அது ஒன்றுதான்' என்று நிறுவுவதால் யாருக்கு என்ன லாபம்? நாங்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு விடையை எடுத்துவிடுகிறோம். அவராலும் முப்பரிமாணத்தில் முடிக்க முடியவில்லை, கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கமும் கிடைக்கவில்லை. இதற்கா இவ்வளவு பாராட்டு?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: சரி, உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே ஆரம்பிப்போம். திரவம் ஓடும் இடத்தை 'உறுப்பு' எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும்போது, வேகத்துக்கு எடுத்த உறுப்பும் அழுத்தத்துக்கு எடுத்த உறுப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் அழுத்தப் படம் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் மேலே, அடுத்த கட்டம் கீழே என்று துள்ளும். உங்கள் ஆய்வகத்தில் யாராவது இதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். அது வராமல் காக்கும் நிபந்தனைக்கு எல்பிபி என்று பெயர். பாபுஷ்கா, பிரெஸ்ஸி என்ற இருவருக்கும் முன்னால் நிற்கும் அந்த 'எல்' லடிஷென்ஸ்கயாதான். யாருக்கு லாபம் என்று கேட்டீர்களே, முதலில் உங்களுக்குத்தான்.

கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் ஏதோ ஓர் எண்ணைத் தரும். சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லாவிட்டாலும் தரும். ஒரே தொடக்கத்திலிருந்து இரண்டு தீர்வுகள் கிளம்புமென்றால், உங்கள் திரையில் வந்தது எது, குழாயில் ஓடுவது எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

சமையலறைக் குழாயை லேசாகத் திறந்து பாருங்கள், நீர் கண்ணாடிக் குச்சி மாதிரி அசையாமல் நிற்கும். இன்னும் கொஞ்சம் திறந்தால் முறுக்கிக்கொள்ளும், முழுக்கத் திறந்தால் வெள்ளையாகச் சிதறும். அத்தனைக்கும் ஒரே சமன்பாடுகள்தான், 1822-இல் நேவியரும் 1845-இல் ஸ்டோக்ஸும் எழுதியவை. முப்பரிமாணத்தில் ஒரு தளர்வான பொருளில் தீர்வு உண்டு என்று பிரான்சின் லெரே 1934-இல் காட்டினார், ஆனால் அது ஒன்றுதானா என்பதை அவரால் காட்ட முடியவில்லை. கரைகளுக்குள் அடைபட்ட இருபரிமாண ஓட்டத்துக்கு, எந்தத் தொடக்கத்திலிருந்தும் எல்லாக் காலத்துக்கும் தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று 1950-களின் கடைசியில் நிறுவியவர் லடிஷென்ஸ்கயா. அதற்கு அவர் கையாண்ட ஆயுதம் ஒரே வரி அசமன்பாடு. வேகத்தின் நான்காம் அடுக்கை மொத்தமாகக் கூட்டினால், அது இரண்டு அளவுகளின் பெருக்கலைத் தாண்டாது: ஒன்று ஓட்டத்தின் ஆற்றல், மற்றது வேகம் இடத்துக்கு இடம் எவ்வளவு சடாரென்று மாறுகிறது என்பது. இந்த இரண்டையும் பாகுத்தன்மை, அதாவது திரவத்தின் உள் உராய்வு, ஏற்கெனவே கட்டுக்குள் வைத்திருக்கிறது, அதனால் எல்லாம் அடங்கிவிடுகிறது. முப்பரிமாணத்தில் அதே வரியை எழுதினால் இரண்டாவது அளவின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரையாக ஏறிவிடும், பிடி நழுவிவிடும். அந்த அரை அடுக்கைக் கடக்க இன்றுவரை உலகத்தில் யாராலும் முடியவில்லை. 2000-இல் கிளே நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்த ஏழு 'மில்லேனியம்' கணக்குகளில் இந்த முப்பரிமாணக் கேள்வியும் ஒன்று. இதை ஒருவருடைய தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

அப்புறம் அந்தப் பதக்கம். 1958-இல் ஃபீல்ட்ஸ் குழு பரிசீலித்த பெயர்களில் அவர் பெயரும் இருந்தது, கிடைத்தது ராத், தாம் என்ற வேறு இரண்டு கணிதவியலாளர்களுக்கு. அவர் தாண்டி வந்ததோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கொலொக்ரிவ் என்ற சின்ன ஊரில் கணக்கு வாத்தியார் மகள், 1922-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே நுண்கணிதம் வரை சொல்லிக்கொடுத்த அப்பாவை 1937-இல் ஸ்டாலினின் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றது. மகளுக்கு வயது 15. 'மக்கள் விரோதி'யின் மகள் என்பதால் 1939-இல் லெனின்கிராட் பல்கலைக்கழகம் இடம் தரவில்லை, அவர் சோர்ந்து உட்காரவும் இல்லை. போர்க்காலத்தில் ஊருக்குத் திரும்பி, அப்பா பாடம் எடுத்த பள்ளியிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 1943-இல்தான் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. முனைவர் ஆய்வேடு 1951-இலேயே தயார், ஆனாலும் அதைத் தேர்வு அவையின் முன் வைத்துப் பட்டம் பெற ஸ்டாலின் சாகும்வரை, 1953 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, கதவை அடைத்த அதே லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஸ்டெக்லோவ் கணித நிறுவனத்தின் லெனின்கிராட் கிளையில் கணித இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரானார். சக கணிதவியலாளர் நினா உரால்ட்சேவாவோடு நீள்வட்ட வகைச் சமன்பாடுகள் பற்றி அவர் எழுதிய நூலும், சொலொன்னிக்கோவும் சேர்ந்து மூவராக எழுதிய பரவளைய வகை நூலும் இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் புரட்டும் புத்தகங்கள்.

கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கி, தனி வகைப் பென்சில் வைத்துத்தான் எழுதினார். 2003-இல், 81 வயதில், அந்த மில்லேனியம் கணக்கைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 2004 ஜனவரியில் அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய இரவு தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. இரண்டு நாள் முன்னால்தான் இன்னொரு கட்டுரைக்குக் குறிப்பு எழுதி, ஃப்ளோரிடா போய் முடித்துவிடலாம் என்று வைத்திருந்தார். திரவ ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது பற்றிய கட்டுரை அது.