வாசகர் கேள்வி: ஐந்து வரிப் பட்டியல்

கேள்வி: நோயாளி பராமரிப்பை மேம்படுத்துவதற்கென்றே ஆய்வுகள் நடப்பதாகப் படிக்கிறேன். புது மருந்தோ கருவியோ கண்டுபிடிக்காத ஆய்வால் நோயாளிக்கு என்ன பயன்?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தீவிர சிகிச்சை மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட், 2001இல் ஒரே ஒரு சிக்கலைக் கையில் எடுத்தார். கழுத்திலோ மார்பிலோ தொடையிடுக்கிலோ பெரிய இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் ‘சென்ட்ரல் லைன்’ என்னும் மெல்லிய குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிடுவதுதான் அது. அதைத் தடுக்க அவர் எழுதிய பட்டியலில் ஐந்தே வரிகள்: கை கழுவுதல், நோயாளியின் தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்தல், மருத்துவர் தொப்பி, முகக்கவசம், அங்கி, கையுறை அணிந்து, நோயாளியையும் கிருமி நீக்கிய துணியால் மூடுதல், கூடுமானவரை தொடையிடுக்கில் குழாய் போடாதிருத்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல்.

இவை எந்த மருத்துவ மாணவரும் அறிந்தவைதாம். ஆனாலும் செவிலியர்கள் ஒரு மாதம் கவனித்துக் குறித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஏதாவது ஒரு படி விடுபட்டிருந்தது. அதற்குச் சோம்பலை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வேண்டிய பொருள்களை எட்டு இடங்களில் தேடி எடுக்க வேண்டியிருந்ததால், அனைத்தையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்கு நிர்வாகம் கொடுத்தது. என் கணிப்பில், பட்டியலைவிடப் பெரிய மருந்து இந்த அதிகாரம்தான்.

2003இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொண்டன. ஒரு நோயாளியின் உடலில் குழாய் ஒரு நாள் இருப்பதை ஒரு ‘குழாய் நாள்’ என்று கொண்டால், 1000 குழாய் நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: அப்படியானால் எல்லா மருத்துவமனைகளிலும் பட்டியலை ஒட்டிவிடலாமே?
– அதே வாசகி

பதில்: ஒட்டலாம், ஒட்டியதோடு நின்றால் பயன் இராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் புகுத்திய 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்திருக்கவில்லை. தாளில் டிக் போடுவது எளிது. மூத்த மருத்துவரிடம் “நிறுத்துங்கள்” என்று சொல்ல இளம் செவிலியருக்கு வாய் வர வேண்டுமே! உங்கள் உறவினர் எவரேனும் ஐசியுவில் இருந்தால், “இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?” என்று நீங்களே அன்றாடம் கேட்கலாம். பட்டியலின் ஐந்தாவது வரி அதுதான்.